கூஜாவில் வந்த கடல்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் கூஜா இருக்கிறது. அதன் மூடியைத் திருகினால் பாதி வரைக்கும் சாதுவாகப் போகும். அதற்கு மேல் கரகரவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். எப்போதோ மரைக்குள் மணல் ஏறிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தாயிற்று, ஊசியால் நோண்டியாயிற்று, வெந்நீரில் ஊறவும் வைத்தாயிற்று. மணல் போனாலும் அது அரைத்துவிட்டுப் போன தடம் போகவில்லை. பாத்திரக் கடைக்காரர் ஒருவர் கையில் வாங்கி ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டு, எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூஜாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மகளுக்கு அது இடத்தை அடைக்கிற சாமான். எனக்கு அது என் மாமியார் கடல் பார்த்த நாள்.

திருப்பதியில் கோயிலை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. எழுபதுகளில் சித்தூரிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமனார் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களை ஓதுகிற பிரபந்த கோஷ்டியில் கைங்கர்யம் செய்பவர். முறை வந்தால் மலை மேல் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வருவார். என் கணவருக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. மாமியாருக்கு அடுக்களை. விடிவதற்கு முன் குளித்து, மடிசாரைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால், பெருமாளுக்குத் தளிகை ஆகி, எங்களுக்குப் பரிமாறி, ஏனம் கவிழ்த்து வெளியே வருவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். அடுப்பு மூட்டும்போதெல்லாம் வாய் ஏதாவது ஒரு பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அதில் பாற்கடல் வரும், கருங்கடல் வரும், கடலில் பள்ளிகொண்டவர் வருவார். வாய்க்கு வாய் கடல் சொன்ன அந்த அம்மாள் நிஜமான கடல் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பார்க்கிற வாய்ப்பு ஒரு தடவை வந்ததாம். திருவல்லிக்கேணியில் ஒரு நெருங்கிய உறவுக் கல்யாணம். சமையல்காரர்கள் கைகொடுக்காமல் போனதால் மாமியாரை அடுக்களைக்குள் தள்ளிவிட்டார்கள். கல்யாணம் முடிகிற வரைக்கும் அங்கேயே வடை தட்டிவிட்டு, அப்படியே ரயிலேறித் திரும்பிவிட்டாள். "சமுத்திரம் பக்கத்துத் தெருவுலதான் இருக்குன்னா. சாயங்காலம் காத்து வந்தது. எண்ணெய்ச் சட்டிப் பொகையெல்லாம் என் மூஞ்சிக்கே திரும்பிடுத்து. அதுதான் எனக்கும் சமுத்திரத்துக்கும் உள்ள பாந்தவ்யம்" என்பாள். இதைச் சொல்லும்போது சிரிப்பாள். கேட்கிற எனக்குத்தான் கோபம் வரும். எனக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடும், அன்றும் இன்றும்.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷத்தில் மாமியாருக்குக் கண்ணில் புரை விழுந்தது. வலது கண்ணில் வெளிச்சம் தெரிந்தால் உண்டு. இடது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. அரிசியில் கல் பொறுக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் சாற்றமுதில் உப்பு இருமுறை விழுந்தது. மாமனார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார், அவள்தான் நாள் முழுக்கப் புலம்பினாள். சென்னையிலிருந்து ஒரு கண் டாக்டர் குறிப்பிட்ட திங்கட்கிழமை ஆபரேஷன் செய்ய வருகிறார், ஞாயிற்றுக்கிழமையே வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மாமியார் மாட்டேன் என்றாள். அவளுடைய ஓர்ப்படிக்கு இதே ஆபரேஷன் செய்து, இருந்த பார்வையும் போய்விட்டது. அந்தப் பயம். என் கணவர் கெஞ்சினார், அதட்டினார், தெலுங்கில்கூடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"கண்ணைக் கிழிக்கறதுன்னா கிழிச்சுக்கோங்கோ. அதுக்கு முன்னாடி நான் சமுத்திரத்தைப் பார்த்துடணும். பார்த்து ஒரு முழுக்குப் போட்டுடணும். அப்புறம் கண்ணு வந்தா வரட்டும், போனாப் போகட்டும்."

வாழ்க்கையில் அவள் கேட்டு நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான். புடவை வாங்கினால்கூட எந்த நிறம் என்று கேட்காமல் கட்டிக்கொள்கிறவள்.  மாமனார் நெடுநேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். சரி என்ற கையோடு தன் நிபந்தனைகளையும் எடுத்து வைத்தார். அவர் அப்படித்தான். ஆசாரம் என்றால் அவருக்கு மூச்சு மாதிரி, இடையில் நிறுத்த வராது.

முதல் நிபந்தனை, கடலை நினைத்த நாளில் தொடக்கூடாது. அரச மரத்தைச் சனிக்கிழமை மட்டும் தொடலாம், சமுத்திரத்தை அமாவாசை, பௌர்ணமி மாதிரிப் பர்வ நாட்களில் மட்டும் தொடலாம் என்பது எங்களவர்கள் வழக்கம். மற்ற நாளில் விரல் நுனி பட்டாலும் தோஷம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் வருவது தைப் பௌர்ணமிதான், அன்றைக்கே போக வேண்டும். இரண்டாவது, நாலு பேர் பார்க்க ஈரப்புடவையோடு நிற்கிற இடமாக இருக்கக்கூடாது. அதனால் சென்னை கிடையாது. மூன்றாவது எங்களுக்கு. அப்போது எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கர்ப்பிணியும் அவள் கணவனும் கடலில் இறங்கக்கூடாது. நாங்கள் துணைக்கு வரலாம், கரையில் நிற்கலாம், அவ்வளவுதான்.

ஆளில்லாத கடலுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாடகைக் கார் டிரைவர் வந்து சேர்ந்தார். வரதய்யபாளையத்துக்காரர், ரேணிகுண்டா ஸ்டேஷனில் வண்டி போட்டிருப்பவர், என் கணவருக்குப் பழக்கம். அவருக்குத் தெரியாத ஊர் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். "எங்க அக்காவ நாய்டுப்பேட்டை தாண்டி அந்தப் பக்கம்தான் குட்த்துகீறோம் சாமி. அங்க ஒரு சமுத்திரம் கீது. ஈ காக்கா வராது. மீன் புடிக்கிறவங்க நாலு பேரு வந்துக்கினு போய்க்கினு இருப்பாங்க, அதுவும் விடியக்காலைல. அப்புறம் நீங்களாச்சு சமுத்திரமாச்சு" என்றார். மாமனார் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

அந்த வாரம் மாமனாருக்கு மலை மேல் முறை. நாள் பார்க்கிற பொறுப்பு என் கணவர் தலையில் விழுந்தது. அவர் பஞ்சாங்கத்தைப் பிரிக்கவில்லை. அடுக்களைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தெலுங்குக் காலண்டர் தொங்கியது. அதில் சனிக்கிழமைக் கட்டத்தில் ஒரு வட்ட நிலா போட்டிருந்தது. சனிக்கிழமை பௌர்ணமி என்று சொல்லிவிட்டார், காரும் பேசியாயிற்று. வெள்ளிக்கிழமை இருட்டின பிறகு மலையிலிருந்து களைத்து இறங்கி வந்த மாமனார், மகன் பார்த்திருப்பான் என்று விட்டுவிட்டார். அவர் வாழ்நாளில் இன்னொருவர் கணக்கை நம்பியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை பொழுது விடியும் நேரத்தில் கிளம்பினோம். புளியோதரை ஒரு தூக்கில், தயிர்சாதம் ஒரு தூக்கில். கூஜா நிறைய வீட்டுக் கிணற்று ஜலம். மாமனார் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார், எங்கே போனாலும் அந்தக் கூஜா கூடவே போகும். முன் சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் நானும் மாமியாரும், ஓரமாக இவர். காளஹஸ்தி தாண்டியதிலிருந்தே மாமியார் கேட்க ஆரம்பித்துவிட்டாள். "வாசனை வரதோ?" என்பாள். கொஞ்சம் பொறுத்து, "சத்தம் கேக்கறதோ?" என்பாள். நாயுடுப்பேட்டை கடைத்தெருவில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோதும் கேட்டாள். டிரைவர் சளைக்காமல், "வந்துக்கினே கீதும்மா" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார். கடல்தான் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்பதுபோல அவள் சமாதானமாவாள்.

கார் ஒரு சவுக்குத் தோப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேல் மணல். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். சவுக்கு ஊசிகள் மெத்தையாக விழுந்துகிடந்தன. இவர் தூக்குகளோடு பின்னால் வந்தார். மாமனார் கூஜாவோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார், எப்போதும்போலத் திரும்பிப் பார்க்காமல். தோப்பு முடிந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. எதிரே கடல். இடது பக்கம் பார்த்தாலும் வலது பக்கம் பார்த்தாலும் கண் போகிற வரைக்கும் ஒரு ஆள் இல்லை. கரை மேல் இழுத்துப் போட்ட கட்டுமரம் ஒன்று, அதன் நிழலில் ஒரு நாய், ஓடி ஓடிப் பொந்துக்குள் நுழைகிற சிவப்பு நண்டுகள். நானே அப்படி ஒரு கடலைப் பார்த்ததில்லை. சென்னையில் நான் பார்த்திருந்த கடலுக்கு முன்னால் எப்போதும் சுண்டல்காரர்கள் நின்றார்கள்.

மாமியார் என் கையை விட்டுவிட்டாள். இடது கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து நெடுநேரம் நின்றாள். "அசையறதுடி" என்றாள். அதற்கப்புறம், "பெரிசா ஒரு நீலப் புடவையைத் தோய்ச்சு யாரோ உதறிண்டே இருக்கா" என்றாள். 

மாமனார் மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்கு முன்னால் சற்றுத் தள்ளி நின்றார். மாமியாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முழுகுவதற்கு முன் சங்கல்பம் செய்ய வேண்டும். இந்த வருஷம், இந்த அயனம், இந்த மாசம், இந்தப் பட்சம், இந்தத் திதி என்று நாளை அடையாளம் சொல்லித்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கணீரென்று ஆரம்பித்தார். வருஷம் வந்தது, தை வந்தது, வளர்பிறை வந்தது. திதி வர வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். இருமல் வந்துவிட்டதோ என்று நான் பார்த்தேன். இருமவில்லை. வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நேற்று மாலை மலை மேல், பிரதோஷ வேளையில் ஓதக்கூடாது என்று கோஷ்டி மௌனமாக இருந்தது அவருக்கு நினைவு வந்துவிட்டது. நேற்று மாலை திரயோதசி என்றால் இன்று காலை என்ன?

"இன்னிக்குப் பௌர்ணமி இல்லைடா" என்றார், மகனைப் பார்க்காமலே.

"காலண்டர்ல நிலா போட்டிருக்கேப்பா."

"அது ராத்திரிக்குப் போட்ட நிலா. திதி இன்னிக்குச் சாயங்காலத்துக்கு மேலதான் பொறக்கறது. இப்போ சதுர்த்தசி. இப்போ சமுத்திரத்தைத் தொடப்படாது."

சாயங்காலம் வரைக்கும் இருந்துவிடலாமே என்றார் இவர். இருட்டின பிறகு கடலில் முழுகக்கூடாது. நாளைக்குக் காலையில் முழுகலாம், ஆனால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். டாக்டர் இன்னொரு தடவை எப்போது வருவாரோ தெரியாது. அந்த இடது கண் அதுவரைக்கும் காத்திருக்குமா என்பதும் தெரியாது. இவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த மளிகைக் கடைக்காரர் மேல், காலண்டர் அச்சடித்தவர் மேல், நிலா மேல், எல்லார் மேலும் கோபம் வந்தது.

மாமியார் அழவில்லை. "தொடப்படாது. பார்க்கப்படாதுன்னு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றார் மாமனார். "அப்போ பார்த்துண்டு உக்காந்துக்கறேன்" என்று மணலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். மாமனார் கட்டுமரத்தின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். டிரைவர் தோப்பு ஓரத்தில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். 

அலை ஏறிக்கொண்டு வந்தது. ஒரு அலை மற்றதைவிட நீளமாக ஓடி வந்து அவள் குதிகாலுக்கு முன்னால் நுரையைக் கொட்டியது. அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். அது திரும்பிப் போனது. அடுத்தது இன்னும் கிட்டே வந்தது. எழுந்து மடிசாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பார்வை சரியில்லாததால் சத்தத்தை வைத்துத்தான் அலையின் தூரத்தைக் கணக்குப் பண்ணினாள். சில சமயம் வராத அலைக்கும் ஓடினாள். பத்துக் குழந்தைகள் பெற்று நாலு பேரை வளர்த்த அந்த உடம்பு, பாண்டி ஆடுகிற பெண்ணைப்போலத் தத்தித் தத்திப் பின்வாங்கியது. அவ்வளவு தூரம் அதற்காகவே வந்து, அது தன்னைத் தொட வரும்போது ஓட வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டேதான் ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு வாங்கி அவள் அலை எட்டாத மேட்டில் மறுபடி உட்கார்ந்தாள். கட்டுமரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மாமனார் கடலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரைக்கும் நான் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை இவரிடம் சொல்லுவேன், இவர் அவரிடம் சொல்லுவார். அன்றைக்கு நேராகப் போய் நின்றேன். "அப்பா, சமுத்திரத்தைத்தானே தொடப்படாது? சமுத்திர ஜலத்தை மொண்டுண்டு வந்து அம்மா தலைல விட்டா அதுவும் தோஷமா?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. இவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

மாமனாருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ ஒரு நல்ல கேள்வி கேட்கப்பட்ட பண்டிதரைப்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "பாத்திரத்துல மொண்டுட்டா அது சமுத்திரம் இல்லை. ஜலம். விடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மொள்றவா சமுத்திரத்தைத் தொட்டாகணுமே. யார் தொடறது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வயிற்றைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கூடாது. இவர் ஒரு அடி முன்னால் வந்தார். பிள்ளைத்தாச்சியின் புருஷன், அவரும் கூடாது. பீடியை அணைத்துவிட்டு டிரைவர் எழுந்து வந்தார். "எனக்கு இன்னா சாமி தோஷம், நான் மொண்டாரேன் குடுங்க" என்று கையை நீட்டினார். மாமனார் கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டார். மடி. அந்தக் காலத்து மடி மனிதர்களை நிற்க வைத்த தூரம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. டிரைவருக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சின்னம்மா ஆகாது, சின்னவரு ஆகாது, நான் ஆகாது. அப்பொ நீங்கதான் சாமி பாக்கி."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். மாமனார் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கூஜாவின் மூடியைத் திருகினார். உள்ளே அன்றைய நாளுக்கு அவர் குடிக்க வைத்திருந்த அத்தனை ஜலத்தையும் மணலில் கவிழ்த்தார். மணல் அதைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. மூடியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பி, "நீ எழுந்திருக்காதே. அங்கேயே உக்காந்துக்கோ. தோஷம் என்னோட போகட்டும்" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். பிறகு கடலுக்குள் இறங்கினார்.

கடலில் இறங்கத் தெரியாத மனிதர். அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். அது அவரை முட்டி போட வைத்தது. குடுமி அவிழ்ந்து தோளில் விழுந்தது, வேஷ்டி இடுப்பு வரைக்கும் நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது. கூஜாவை மட்டும் விடவில்லை. டிரைவர் பதறிப்போய் ஓடினார், மாமனார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எழுந்தார். மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, மாமியாருக்குப் பின்னால் நின்று, கூஜாவை அவள் தலையில் மெதுவாகக் கவிழ்த்தார்.

அவளுக்கு மூச்சு முட்டி ஒரு சத்தம் வந்தது. உதட்டில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "கரிக்கறது" என்றாள், அதிசயப்பட்டுக்கொண்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்" என்றாள்.

மாமனார் திரும்பிப் போனார். கொண்டுவந்து ஊற்றினார். "இன்னும்" என்றாள். அவர் மறுபடி போனார். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. கால் புதையப் புதைய நடந்தார், ஒருமுறை வழியிலேயே பாதி கொட்டிவிட்டது, மிச்சத்தை ஊற்றிவிட்டுப் போனார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அழுததை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் நான் கால் வைத்ததிலிருந்து மாமனார் கையால் ஒரு டம்ளர் நகர்ந்து நான் பார்த்ததில்லை. இலையில் உட்கார்ந்தால் தீர்த்தம் வர வேண்டும், எழுந்தால் கைக்குச் செம்பு வர வேண்டும். எல்லாவற்றையும் அவள்தான் கொண்டுவந்து வைத்தாள், கண் மங்கின பிறகு தடவித் தடவிக் கொண்டுவந்தாள்.

கடைசியில் அவர் நிற்க முடியாமல் அவள் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாயும் வந்து கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டது. நான் மணலில் கிடந்த மூடியை எடுத்து, ஊதிக்கூடப் பார்க்காமல் கூஜாவில் வைத்துத் திருகினேன். அப்போதுதான் முதன்முதலாக அந்தக் கரகர சத்தம் கேட்டது.

திரும்பும்போது மாமனாருக்குக் குடிக்க ஜலம் இல்லை. புளியோதரை வேறு சாப்பிட்டிருந்தார். உதட்டில் உப்புப் பூத்து வெடித்திருந்தது. டிரைவர் யாரையும் கேட்காமல் நாயுடுப்பேட்டைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி இளநீர் வெட்டச் சொன்னார். "இதுல யாரு கையும் படல சாமி, உள்ள கீறதெல்லாம் பெருமாளே ஊத்துனது" என்றார். மாமனார் மறுபேச்சில்லாமல் வாங்கினார். வாங்கி, முதலில் பின் சீட்டுக்குத் திருப்பி மாமியாரிடம் நீட்டினார். அவள் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பட்டுமா என்று நான் கேட்டேன். "வேண்டாம், தூங்கட்டும்" என்றார், என்னிடம் நேராக. அன்றிலிருந்து நாங்கள் நேராகவே பேசிக்கொண்டோம்.

மறுநாள் நிஜமான பௌர்ணமியன்று அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, பிராயச்சித்தம் என்றார். ஆஸ்பத்திரியில் அவளும் வயிறு சரியில்லை என்று சாப்பிடவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டுப் பிரித்து, சோடாப் பாட்டில் அடிமாதிரி ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டதும் அவள் முதலில் பார்த்தது கட்டில் பக்கத்தில் நின்ற மாமனாரை. நிதானமாக மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்னா, இவ்வளவு கிழமாவா ஆயிட்டேள்?" என்றாள். நர்ஸ் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார், பல் தெரிய.

அதன் பிறகு அவள் கடலுக்குப் போகவில்லை. மாமனார் எண்பதுகளின் தொடக்கத்தில் பரமபதித்தார். அதற்கப்புறம் ஒருநாள், கொல்லையில் வடாம் காயப்போட்டுக் காக்கைக்குக் காவல் இருந்தபோது கேட்டேன். அன்றைக்குக் கண் தெரியாமல் பார்த்தீர்களே, இப்போது கண் நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை போய்க் கடலைச் சரியாகப் பார்த்துவிட்டு வரலாமா? அவள் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குத் தெரியலைன்னு யாருடி சொன்னா? அவர் மொண்டுண்டு வந்தது தெரிஞ்சுதே."

அவளும் போய் வெகு காலமாகிவிட்டது. அன்றைக்கு என் வயிற்றில் இருந்த பெண், இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள். போன வருஷம் எங்கள் இருவரையும் அதே கடலுக்கு அழைத்துப் போனாள். சவுக்குத் தோப்பு குறைந்து, கரைக்குக் கிட்டே வரைக்கும் தார் ரோடு வந்திருக்கிறது. ரோடு முடிகிற இடத்தில் மீன் வறுக்கிற இரண்டு மூன்று கடைகள். அதைத் தாண்டி வடக்கே நடந்தால் இன்னும் யாரும் இல்லை. நண்டுகள் அப்படியே இருக்கின்றன. நான் கூஜாவில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தேன். தண்ணீர்தான் பாட்டிலில் எங்கேயும் கிடைக்கிறதே என்று மகள் வழி முழுக்கக் கேலி பண்ணினாள். கரைக்கு வந்ததும் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய் அலையில் நின்றுகொண்டாள். என்ன நாள் என்று அவள் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க இந்தச் சட்டங்களோடு சண்டை போட்டவள் நான். இருந்தும் கை தானாகப் போனை எடுத்துத் திதியைப் பார்த்தது. திரயோதசி. இதெல்லாம் என்ன என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு அடி வைத்தேன். நுரை ஓடி வந்தது. என் கால் வெடுக்கென்று பின்னால் வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை, அதுவாக வந்தது. மகள் தூரத்திலிருந்து வா வா என்று கையை ஆட்டினாள். முட்டி வலி என்று சொல்லிவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பூஜை அறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், தெலுங்குக் காலண்டரைப் பார்த்து நாள் சொன்னவர். என் மடியிலிருந்து கூஜாவை வாங்கிக்கொண்டார். மூடி கரகரவென்று முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்து, அதை என் உள்ளங்கையில் வைத்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை மணலில் கவிழ்த்தார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, அப்பா போன மாதிரியே திரும்பிப் பார்க்காமல் போனார். அப்பாவைப் போலவே அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, முழுக்க நனைந்து, திணறிக்கொண்டு வந்தார். என் இரண்டு பாதத்திலும் கடலை ஊற்றினார்.

"போதுமா?" என்றார்.

"இன்னும்" என்றேன்.